சாட்சி சொல்லக் கூடாது என்ற வீடு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் பெயர் துரைராஜ். நான் அழுது சாட்சி சொல்லும் ரகம் இல்லை. பதினேழு வருஷம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தவன். செய்து வரும் சாமானை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று பிரித்து வைப்பேன். என் கதையையும் அந்தப் பழக்கத்தில்தான் சொல்லப் போகிறேன். கூட்டிச் சொன்னால் கர்த்தருக்கு மகிமை கூடிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1996ஆம் வருஷம், செப்டம்பர் மாதம். குடியை நிறுத்துவதற்காக ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது நாள் இருந்தேன். வேலை அதற்கு முன்பே போய்விட்டது. தேறாத சாமானையெல்லாம் போதையில் தேறும் என்று அனுப்பினால் எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? கடைசி நாள் டாக்டர் கேட்டார், "இங்கேருந்து எங்க போவீங்க?" வீட்டுக்கு என்றேன். அவர் தாளில் எதையோ எழுதிக்கொண்டார். வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

என் மனைவி கிரேஸ் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் அவுட்ஹவுஸில் குடியிருந்தோம். அதற்கு முன் மூன்று தடவை நான் திருந்திவிட்டேன் என்று நம்பியவள் அவள். மூன்று தடவையும் ஏமாந்தாள். நான்காவது தடவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "இனிமே குடிச்சிட்டு வந்தாலும் வராதீங்க, குடிக்காம வந்தாலும் வராதீங்க. ஷீபா பயந்து பயந்து வளர்ந்தது போதும்." ஷீபா எங்கள் ஒரே மகள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது.

கிரேஸ்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆகவே ஜெபித்தேன். "கர்த்தாவே, அவ மனச மாத்தும், அந்தக் கதவத் திறக்கப் பண்ணும்." நாலு வருஷம் என் ஜெபமெல்லாம் இது ஒன்றுதான்.

எங்கள் சபை ஆயர் நல்ல மனுஷர். சபை மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலி அடுக்கி வைக்கும் அறையில் பத்து நாள் படுத்துக்கொள்ளச் சொன்னார். அதற்குள் ஒரு வாடகை அறை பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. சபையிலேயே இரண்டு பேர் அறை தருவதாகத் தலையாட்டியிருந்தார்கள். இந்த இடத்தில்தான் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். விசுவாசிகளாகிய நமக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். நானும் போய் மைக்கைப் பிடித்தேன்.

நன்றாகத்தான் பேசினேன். காலையில் எழுந்ததும் கை நடுங்கியது, வேலைக்குப் போகிற வழியில் சாக்கடையில் விழுந்தது, ஷீபாவின் ஸ்கூல் பையை ஒளித்துவைத்து விற்கப் பார்த்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். இப்போது முற்றிலும் விடுதலை என்று முடித்தேன். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. சில அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அறை கேட்டுப் போனேன். ஒருவருக்கு வேலூரிலிருந்து மச்சான் வருகிறாராம். இன்னொருவர் வெள்ளையடிக்க வேண்டும், முடிந்ததும் சொல்கிறேன் என்றார். அந்த வெள்ளையடிப்பு இன்றுவரை முடிந்ததாகத் தெரியவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எனக்கே நான் அறை கொடுத்திருக்க மாட்டேன்.

கேள்வி கேட்காமல் இடம் கொடுப்பது லாட்ஜ் ஒன்றுதான். சிவாஜி நகரில் ஒரு லாட்ஜில் போய் இறங்கினேன். கீழே பார். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு வாசனைக்குத்தான் இறங்கினேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு நான் சபைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, இனி எனக்கு எதுவும் இல்லை என்று கணக்கு முடிந்தவன்போல் நினைத்தேன். சாகலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்கும் தெம்பு இல்லை.

திரும்ப அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெட்கமாக இருந்தது. இந்தத் தடவை வார்டில் ஆலோசனை சொல்லும் அம்மா என்னிடம் குடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விவேக் நகரில் ஒரு வீடு இருக்கிறது, குடியையும் போதையையும் விட்டவர்கள் ஐந்து பேர் சேர்ந்து இருக்கிறார்கள், ஓர் இடம் காலி என்றார். 1997 ஜனவரியில் பிரான்சிஸ் அண்ணன் வந்து என்னைக் கூட்டிப்போனார். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் ஆட்டோவையே குடித்துத் தீர்த்தவர். கத்தோலிக்கர். குழந்தை இயேசு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அந்த வீடு. கீழே நாங்கள், மேலே வீட்டுக்காரி லூர்தம்மாள்.

போகும்போதே அண்ணன் வீட்டு முறைகளைச் சொன்னார். "தெனம் ஒருத்தர் சமையல். கேட்டுல நொழையறப்ப எதிர்ல இருக்கறவன் மொகத்துல ஊதிட்டுத்தான் உள்ள வரணும், நானா இருந்தாலும் சரி. அப்பறம் ஒண்ணு. ஒரு வருசத்துக்கு எங்கயும் சாட்சி கீட்சின்னு மைக்கப் புடிக்கக் கூடாது."

"அது ஏன்ணா?"

"மைக்கப் புடிச்சவன்லாம் அடுத்த வாரம் கிளாஸப் புடிச்சான். நான் பாத்தவன் சொல்றேன்."

என் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்றுதான் யோசித்தேன். அவருக்குத் தெரியாது. எல்லோரும் அப்படித்தான் போலிருக்கிறது.

அங்கே அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. காலையில் ஜெபம். பிறகு பட்டறை வேலை, பக்கத்திலேயே கிடைத்தது. சாயங்காலம் ஆறு பேரும் கூடத்தில் உட்கார்ந்து அன்றைக்கு என்ன ஆனது என்று சொல்வோம். என் சாம்பாரை யாரும் சாப்பிட முடியாது என்பதால் மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் உபவாசம் என்று கேலி பண்ணுவார்கள். குடிக்காத நாட்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வளாகத்தில் ஷீபாவோடு பத்து நிமிஷம் பேசுவேன். கிரேஸ் தள்ளி நிற்பாள். நான் விவேக் நகரில் ஏதோ ஹாஸ்டலில் இருக்கிறேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

2000ஆம் வருஷம் இரண்டு காரியங்கள் ஒரே மாதத்தில் வந்தன. லூர்தம்மாள் வயதாகிவிட்டதென்று ஓசூரில் இருக்கும் மகளிடம் போக முடிவு செய்தார். அவர் போய்விட்டால் வெறும் குடிகாரர்கள் மட்டும் இருக்கும் வீடாகிவிடும் என்று தெருவில் முணுமுணுப்பு. லூர்தம்மாள் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "ஒங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்லப்பா. ஆனா நான் தெருக்காரங்களுக்குப் பதில் சொல்லணுமில்ல. மேல ஒரு குடும்பம் வந்துட்டா யாரும் பேச மாட்டாங்க. ரெண்டு மாசம் பாப்பேன். வரலன்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

எங்களுக்கு யார் வேறு இடம் தருவார்கள்? ஆறு பேரும் ஆறு திசைக்குப் போக வேண்டியதுதான். அதில் எத்தனை பேர் மறுபடி குடிப்போம் என்று அன்று சாயங்காலம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டூ லெட் பலகை மாட்டினோம். வீடு பார்க்க வருகிறவர்களிடம் கீழே யார் இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கேட்டைத் திறப்பவன்தான் சொல்ல வேண்டும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார். சொன்னோம். வந்த குடும்பமெல்லாம் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனது.

இரண்டாவது காரியத்தை ஷீபா சொன்னாள். ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாவை விற்றுவிட்டார்கள். இடித்துவிட்டு அபார்ட்மெண்ட் வரப் போகிறது. "அம்மா வீடு தேடறாங்கப்பா. எல்லாரும் உங்க வீட்டுக்காரர் எங்கன்னு கேக்கறாங்க. கூட இல்லன்னா வீடு இல்லங்கறாங்க. நேத்து அம்மா பஸ்ல அழுதாங்க."

கிரேஸ் அழுது நான் பார்த்ததில்லை. நான் தட்டிப் பார்த்த மாதிரிக் கதவுகளை இப்போது என்னால் அவள் தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் மேல் மாடி காலியாகப் போவது என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மூன்று தடவை ஏமாற்றியவன் நாலாவது தடவைக்கு ஒரு வீட்டையே காட்டுகிறான் என்றுதான் நினைப்பாள்.

அன்று போய் முழங்கால் போட்டேன். பழைய ஜெபம் வரவில்லை. "கர்த்தாவே, அவளுக்கு ஒரு வீடு கொடும். அதுல நான் இருக்க வேணாம்" என்று கேட்டேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக என்னைக் கழித்துவிட்டுச் செய்த ஜெபம். நெஞ்சு லேசாக இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வலித்தது.

பலகை மாட்டிய மூன்றாம் வாரம் சனிக்கிழமை. என் சமையல் முறை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது யாரோ கேட்டைத் தட்டினார்கள். போய்த் திறந்தால் கிரேஸ். பக்கத்தில் ஷீபா. கிரேஸ் கையில் விலாசம் எழுதிய சீட்டு. பள்ளிக்கூடத்தில் அவளோடு வேலை பார்க்கும் விவேக் நகர் டீச்சர் ஒருவர் டூ லெட் பலகையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இது தற்செயல் என்று என் பட்டறை நண்பர் சொல்வார். விவேக் நகர் ஒன்றும் பெரிய ஊர் இல்லை, காலி வீடுகளும் கொஞ்சம்தான் என்பார். நான் வாதாடுவதில்லை. நான் என்ன கேட்டேன், என்ன வந்தது என்று எனக்குத் தெரியும்.

கேட்டைத் திறந்தவன் நான். ஆகவே நான்தான் சொல்ல வேண்டும். "வீடு மேல இருக்கு. கீழ நாங்க ஆறு பேரு. எல்லாரும் குடி, போதைலேர்ந்து மீண்டு வர்றவங்க. நானும்தான். தெரிஞ்சே வரணும், அதான் சொல்றேன்."

"தெரியுது" என்றாள் கிரேஸ். என்னைத் தாண்டி மேலே போய்ச் சமையலறை, குழாய், ஜன்னல் எல்லாம் பார்த்தாள். இறங்கி வந்து என்னிடம் பேசாமல் பிரான்சிஸ் அண்ணனிடம் கேட்டாள். "இவர் எப்படிங்க?"

"இன்னிக்குக் குடிக்கலம்மா. இதோட மூணு வருசத்துக்கு மேல ஆச்சி. நாளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. என்னப் பத்தியே எனக்குத் தெரியாது."

"எல்லாரும் இவர் முழுசா விடுதலையாயிட்டார்னு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். தெரியாதுன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்" என்றாள் கிரேஸ். பிறகு லூர்தம்மாளிடம், "நான் வர்றேங்க" என்றாள். என் பக்கம் திரும்பி ஒரே ஒரு வாக்கியம். "நான் கூப்பிடாம மேல வரக் கூடாது."

அப்படியாக ஆறு பேரின் வீடும் தப்பியது. கிரேஸும் ஷீபாவும் மாடியில். நான் கீழே. வெளிப்புறப் படிக்கட்டு, பதினாறு படி. ஒரு வருஷம் நான் அதில் கால் வைக்கவில்லை. ஷீபா கீழே வந்து கணக்குப் பாடம் கேட்பாள். கிரேஸ் போகும்போதும் வரும்போதும் பார்ப்பாள். நான் கேட்டில் அண்ணன் முகத்தில் ஊதுவதையும் மாடியிலிருந்து பார்ப்பாள். முதலில் அவமானமாக இருந்தது, பிறகு பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். படிக்கட்டின் மேலிருந்து குரல். "என்னங்க, சாப்பாடு ஆறுது. மேல வாங்க." மழை தூறிக்கொண்டிருந்தது. மற்ற ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். அன்று மட்டும் நான் அழுதேன். ரகம் மாறிவிட்டது என்று அண்ணன் சிரித்தார்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. மாடியில் மூன்று பேரும் சேர்ந்து இருக்கிறோம். அண்ணன் ஆனேக்கல் பக்கம் இன்னொரு வீடு ஆரம்பித்துப் போய்விட்டதால் கீழ் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். இன்றும் குடிக்கவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நாளையைப் பற்றி அண்ணன் சொன்னதைத்தான் நானும் சொல்வேன்.

சகோதரனே, சகோதரியே, உன் வீட்டில் ஒரு போர்ஷன் காலியாக இருந்து, திருந்தி வந்த ஒருவன் வாசலில் நின்றால், உண்மையைக் கேள், கேட்டுவிட்டுக் கதவைத் திற. நீயே அந்த வாசலில் நிற்கிறவன் என்றால், நம்பிக் கேள். கர்த்தர் கேட்கிறார். நான் கேட்டதையும் கேட்டார், ஆனால் நான் சொன்ன மாதிரி அல்ல.

போன மாதம் கிரேஸிடம் கேட்டேன், கர்த்தர் உன் மனதை எப்போது மாற்றினார் என்று. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என் மனசுக்கு என்ன கொற? அது அப்படியேதான் இருக்கு. குடிக்காத மனுசன் வந்தா சோறு போடலாம்னு அன்னிக்கும் இருந்தேன், இன்னிக்கும் இருக்கேன். நீங்க வர்றதுக்குத்தான் நாளாச்சு."