தயானி வீட்டு மூட்டைப்பூச்சி

தயானிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் முகத்தில் எழுதி ஒட்டிய மாதிரி தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் ஒரு பொய்யைச் சொல்லி, பாரிசில் எங்கள் தமிழ் ஆட்கள் நிறைந்த லா சப்பல் முழுவதையும் இரண்டு மாதம் நம்பவைத்தாள் என்றால், அவளை அந்த அளவுக்குக் கொண்டுபோய் விட்டது யார்? நாங்கள்தான். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

அவள் என் கணவரின் தம்பி றமேஸின் மனைவி. புதுக்குடியிருப்புக்காரி. 2011இல் பாரிசுக்கு வந்தாள். விடிய நாலரைக்கு எழும்பி, ஆட்கள் வேலைக்கு வர முதல் கந்தோர்களைக் கூட்டித் துடைக்கப் போவாள். எட்டேகாலுக்குள் ஓடிவந்து மகள் மிதுனாவையும் சின்னவன் கவினையும் பள்ளிக்கூடத்தில் விடுவாள். றமேஸுக்கு ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை. ஓகஸ்டில் அதை மூன்று கிழமை பூட்டுவார்கள். வருசத்தில் நாலு பேரும் ஒன்றாக இருக்கக் கிடைப்பது அந்த மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான்.

வீடு லா சப்பல் கடைத்தெருவில், மூன்றாம் மாடி. இரண்டு அறை. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாலும் பத்து நிமிடம். லண்டன் ரயில் வந்து நிற்பதும் அங்கேதான். வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்! அந்த வீட்டில் முன்பு நாங்கள் இருந்தோம். பதினாறு வருசம், ஒவ்வொரு ஓகஸ்டும் அங்கே நான் வந்தவர்களுக்கெல்லாம் புட்டு அவித்தேன். பிறகு புறநகரில் எபினேக்கு மாறியபோது வீட்டை றமேஸுக்குக் கொடுத்தோம். வீட்டோடு விருந்தாளிகளையும் கொடுக்கிறோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சரி, உறைத்தது. வாயைத் திறக்கவில்லை.

லண்டனில் இருக்கும் என் மச்சாள் சிவரஞ்சினி, றமேஸுக்கு அக்கா. ஒவ்வொரு ஓகஸ்டும் புருசன், மூன்று பிள்ளைகள், சில வருசம் மாமியார் என்று வந்து இறங்குவாள். அவர்கள் போக, சுவிஸில் இருக்கும் சொந்தக்காரர் வருவார்கள். எல்லாருக்கும் டிஸ்னி பார்க்க வேண்டும், ஈபிள் கோபுரம் ஏற வேண்டும். தயானி அவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி, மெத்றோ வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து இரவுக்குக் கறி வைப்பாள். ஏழு வருசம் பாரிசில் இருந்தும் அவள் ஈபிள் கோபுரத்தில் கால் வைக்கவில்லை. மச்சாள் கெட்டவள் இல்லை. பிள்ளைகளுக்குப் பை நிறைய உடுப்புக் கொண்டுவருவாள். "உன்ரை கைப்பக்குவம் ஆருக்கடி வரும்" என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு, இன்னும் நாலு இடியப்பம் போட்டுக்கொள்வாள்.

2017 செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியதும், விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று படம் கீறச் சொல்லியிருக்கிறார்கள். மிதுனா கீறிய படத்தில் ஒரு அறை, நிலத்தில் வரிசையாக ஆட்கள் படுத்திருக்கிறார்கள், கதவுக்குப் பின்னால் ஒரு பொம்பிளை அடுப்படியில் நிற்கிறாள். இது ஆசுப்பத்திரியா என்று ஆசிரியை தயானியைக் கூப்பிட்டுக் கேட்டாளாம். தயானி வெட்கத்தில் செத்துப்போனாள்.

அதே பள்ளிக்கூட வாசலில் மர்கரீத் என்ற இன்னொரு தாய் அவளுக்கு வழி சொல்லியிருக்கிறாள். சம்பளம் குறைந்த குடும்பங்களுக்குக் கடற்கரைத் தங்குமிடத்தில் ஒரு கிழமை நிற்க உதவி கிடைக்கும், படிவம் நிரப்பினால் போதும் என்று. தயானி நிரப்பினாள். நோர்மண்டியில், கடலுக்கு நடக்கும் தூரத்தில், ஒரு சின்ன மரவீடு கிடைத்தது.

கிடைத்தது சரி, எங்கள் ஆட்களுக்கு என்ன சொல்வது? "இந்த முறை வராதேங்கோ" என்று சொல்ல முடியுமா? அடுத்த கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். கடற்கரைக்குப் போகிறோம் என்று உண்மையைச் சொன்னால் அது இன்னும் மோசம். "ஆ, நல்லது, நாங்களும் வாறம்" என்று சட்டி பானையோடு ஒரு வான் பிடித்து வந்து இறங்குவார்கள். அங்கேயும் அவள்தான் சமைக்க வேண்டும். கடைசியில், ஜூன் மாதம் ஒருநாள் சிவரஞ்சினி ரயிலுக்குப் பதியப்போகிறோம் என்று போன் எடுத்தபோது, தயானியின் வாயில் அது வந்துவிட்டது.

"மச்சாள், வீடு முழுக்க மூட்டைப்பூச்சி."

பாரிசில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் இல்லை. லண்டன் அன்றைக்கே நின்றது, மறுநாள் சுவிஸும் நின்றது. ஆனால் கதை லா சப்பலில் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டது. மரக்கறிக் கடையில் தயானியைக் கண்டால் பொம்பிளைகள் சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு தள்ளி நின்றார்கள். கவினுக்கு வந்த பிறந்தநாள் அழைப்பு ஒன்று, மண்டபத்தில் இடம் போதாதாம், திரும்பிப் போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

ஓகஸ்ட் வந்ததும் எனக்கும் அதே பொய்யைத்தான் சொன்னாள். மருந்து அடித்து வீட்டைப் பூட்டியிருக்கிறது, ஒரு கிழமை செவ்ரானில் சிநேகிதி வீட்டில் நிற்கிறோம் என்றாள். எனக்கு மனம் கேட்கவில்லை. பாவம், சின்னப்பிள்ளைகளோடு அலைகிறாள் என்று, கையில் இருந்த அந்த வீட்டுக் கதவின் பழைய திறப்பை எடுத்துக்கொண்டு கணவரோடு போனேன். அடித்தது காணாவிட்டால் அடிக்க இன்னும் இரண்டு போத்தல் மருந்து, கையுறை, பெரிய குப்பைப் பைகள், டோர்ச், எல்லாம் கொண்டுபோனேன்.

மூன்று மணித்தியாலம் தேடினோம். மெத்தையின் தையலைப் பிரிக்காத குறை. கட்டில் பலகைகளைக் கழற்றி, அலுமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, இவர் முழங்காலில் நின்று டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒரு எறும்புகூட இல்லை. தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனேன். குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருந்தது அந்தக் கடதாசி. கடற்கரை, மரவீடு, நாலு பேர், திகதி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களோ இவளின்ரை வேலையை! ஊருக்குப் பொய் சொன்னால் சொல்லட்டும், எனக்குமோ? நான் இஞ்சை நாரி முறியக் கட்டில் தூக்கிறன், மகாராணி அங்கை கடல் குளிக்கிறா!"

"உனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?" என்று இவர் கேட்டார்.

அடுத்த நிமிடமே மச்சாளுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருப்பேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. சிவரஞ்சினி.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்கோ. அங்கை பூச்சி கீச்சி ஒண்டும் இல்லையாம் எண்டு ஒராள் சொல்லுது. பிள்ளையள் டிஸ்னி எண்டு அழுகினம். நாளைக்கு ரயிலிலை இடம் கிடக்கு. தம்பியாக்களைச் செவ்ரானிலை இருந்து வரச்சொல்லிவிடுறன், என்ன?"

நான் அந்தக் குசினியைப் பார்த்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில், அடுப்புக்கு முன்னால், நிலத்துக் கல்லில் இருந்த பூ அழிந்து ஒரு இடம் வெள்ளையாக இருக்கிறது. நின்று நின்று தேய்ந்த இடம். பாதிக்கு மேல் என்னுடைய கால் தேய்த்தது. மிச்சத்தை இப்போது தயானி தேய்க்கிறாள். நான் ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்குப் பகல் அவள் ஈரத்தலையோடு இந்த இடத்தில் வந்து நிற்பாள். என் வாழ்நாளில் எனக்காக ஒருத்தரும் ஒரு ஓகஸ்டைத் தடுத்துத் தரவில்லை. அதை நினைக்க அழுகை வந்தது. தயானியின்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஆரடி உனக்குச் சொன்னது இல்லையெண்டு?" என்று சத்தம் போட்டேன். "நான் இப்ப அந்த வீட்டுக்குள்ளைதான் நிக்கிறன். மெத்தை முழுக்க அதுகள்தான். ஐயோ, என்ரை கையிலையும் ஏறிட்டுது!"

இவர் டோர்ச்சைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப எபினேக்கு, உங்கடை வீட்டை வரட்டே அண்ணி?"

"இந்த உடுப்போடைதானே நான் வீட்டை போகவேணும். இனி அங்கையும் வந்திடும். நீ வராதை, அம்மா. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வராதை."

போனை வைத்ததும் எனக்கு உடம்பு முழுவதும் இலேசாகிவிட்டது. அறைக்குள் போய், கழற்றிய கட்டிலின் ஓரத்தில் குந்திச் சிரித்தேன். இவரும் சிரித்தார். பிறகு தயானிக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, நான் உன்ரை வீட்டிலை நிக்கிறன்."

 அவளுக்குப் பின்னால் கடல் இரைந்தது. மிதுனா தம்பியிடம் பிரெஞ்சில் ஏதோ கத்தினாள்.

"அக்கா..." என்றாள்.  "பொய் சொல்லிப்போட்டன் அக்கா. உங்களுக்குக்கூட. இப்பவே வெளிக்கிட்டு வாறம். மச்சாளுக்கும் நானே சொல்லுறன்."

"வாயை மூடு. மச்சாளுக்கு நான் சொல்லிட்டன், வீடு முழுக்கப் பூச்சி எண்டு. என்ரை வீட்டிலையும்தான்."

அவள் ஓவென்று அழுதாள். கடற்கரையில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்களோ தெரியாது. அவளின் அழுகை அடங்கியதும் பேச்சை மாற்றினேன்.

"இண்டைக்கு என்ன சமைச்சனி?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சமைக்கேல்லை அக்கா. பாணும் சீஸும் தக்காளியும். நாலு நாளா அடுப்பே பத்தேல்லை." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, இன்னும் மூண்டு நாள் கிடக்கு. இஞ்சை ஒரு சோபா இருக்கு, விரிச்சால் ரெண்டு பேர் படுக்கலாம். அத்தானையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன். நீங்களும் இந்த நாட்டிலை ஒருக்காலும் கடலுக்குப் போகேல்லைத்தானே."

எனக்கு ஆசை வந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன், நல்ல ஆசை வந்தது.

"வரமாட்டன்," என்றேன். "நான் வந்தால் நீ எழும்பித் தேத்தண்ணி போடுவாய்."