பளீரென்று எரிந்த திரை

என் தம்பி லெவுதாவின் மனைவி சிதியாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைச் சவாயித் தீவு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. இடி இடித்தால் பாய்க்குள் சுருண்டுகொள்வாள். ஆனால் ஊரில் எந்த ரேடியோ கெட்டாலும், வியர்த்துக்கொண்டே திருகாணியைக் கழற்றுகிறவளும் அவள்தான்.

அந்த முறை கெட்டது லெவுதாவின் படகில் வழி காட்டும் திரை. டார்ச் அடித்தால் வரைபடம் மங்கலாகத் தெரிந்தது. திரைக்குப் பின்னாலிருக்கும் விளக்கு மட்டும் போய்விட்டது. பவளப்பாறை நடுவே கரைக்கு வரும் வழி இரண்டு படகு அகலம்தான். போன வருடம் அங்கே மோதிய எங்கள் சித்தப்பாவின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

சிதியா பாயில் துணி விரித்துத் திரையைப் பிரித்தாள். உள்ளே குச்சி போல ஒரு கண்ணாடிக் குழல்விளக்கு.

"அண்ணி, மூச்சு விடாதீங்க. இது ஒடைஞ்சா உள்ள இருக்கறது விஷம்."

"நீ மொதல்ல கை நடுங்காம இருடி."

குழலை எடுத்தாள். அதற்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டியையும், "இது ஷாக் அடிச்சே கொன்னுடும்" என்று பிடுங்கிப் போட்டாள். எல்இடி பட்டையை வெட்டி ஒட்டி, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தாள். திரை பளீரென்று எரிந்தது. லெவுதா அவளைத் தூக்கிச் சுற்றினான். வெளிச்சத்தைக் குறைக்கிற வேலையும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் கடலுக்குப் போனவன் பொழுது சாய்ந்தும் வரவில்லை. மேகம் கட்டி இருட்டிவிட்டது. மாலை ஜெபச் சங்கு ஊதியது. மறுசங்கு ஊதும்வரை யாரும் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது; மீறினால் ஊர்ச் சபைக்கு ஒரு பன்றி அபராதம். எங்கள் வீட்டுக்குச் சுவர் கிடையாது, பாறை வழிக்கு நேர் எதிரே இருக்கிறது. ஜெபப் பாட்டின் நடுவே சிதியா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். பாறைக்கு அப்பால் வெள்ளை வெளிச்சம், அது முகத்தில் விழ ஓர் ஆள் உருவம்.

"அண்ணி, அது அவரு கண்ணுலயே அடிக்குது. பாறை தெரியாது அவருக்கு. நானே கொன்னுட்டேன்."

"உக்காருடி. காவலுக்கு ஆள் நிக்கிறாங்க."

எழுந்து கரைக்கு ஓடினாள். அதே நேரம் வெளிச்சம் சட்டென்று மறைந்தது. படகு மோதிவிட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"யோவ்! இங்க வாய்யா! குருட்டு ஆமை! இந்தப் பக்கம்!" அவள் தொண்டை கிழியக் கத்தினாள். காவல்காரர்கள் தடியோடு ஓடிவந்தார்கள், அவளைத் தொடத் தைரியமில்லாமல் நின்றார்கள்.

கடைசியில் படகு மணலை உரசியது. லெவுதா இடுப்பில் துணியில்லாமல் இறங்கினான். துணி திரையைச் சுற்றிக் கட்டியிருந்தது.

"கண்ணு கூசி அவிஞ்சே போச்சு. திரைய மூடினேன், அப்பவும் ஒண்ணும் தெரியல. இவ திட்டுறது கேட்டுச்சு. திட்டு வர்ற பக்கமே திருப்பிட்டேன்."

சிதியா அவனை அடித்து அடித்து அழுதாள்.

மறுநாள் அபராதப் பன்றியைச் சபைக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். என் பன்றி அது.