வின்சன்ட் அண்ணையின் கடவுச்சொல்

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் அகதி வழக்குகள் பார்க்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில் கணினிகளுக்குப் பொறுப்பு வின்சன்ட் அண்ணை. மன்னார்க்காரர். சர்வரின் கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லமாட்டார், ஐந்து வருடமாகக் கூட வேலை செய்யும் எனக்கும்தான். அந்த வீம்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அன்று பதினொரு மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. எங்களிடம் வழக்குக் கொடுத்திருந்த றெபேக்காவின் அகதி விசாரணை ஒரு மணிக்கு. அவளுடைய காயங்களுக்குச் சாட்சியான வைத்தியரின் கடிதம் சர்வருக்குள் மட்டும்தான் இருந்தது. மூலத்தாளைப் போன வாரம் மெத்ரோ ரயிலில் தொலைத்துவிட்டாள். பன்னிரண்டரைக்குள் அதை விசாரணைச் சபைக்கு அனுப்பியாக வேண்டும்.

"டிஸ்க் பழுது. ஒற்றைப் பயனர் நிலைக்குப் போகவேணும்," என்றார் வின்சன்ட் அண்ணை. வேறு எவரையும் உள்ளே விடாமல், முன்னால் இருப்பவர் மட்டும் பழுது பார்க்கும் நிலை அது. அவர் ஒருநாளும் அதற்குள் போனதில்லை. தொடக்கத் திரையில் கட்டளைக்காக / என்ற சாய்கோட்டை அழுத்தினார், # விழுந்தது. முணுமுணுத்தபடி அழித்துவிட்டுக் கட்டளையை வேறுமாதிரி எழுதினார். கடவுச்சொல் கேட்டது.

அடித்தார். பிழை. திரும்பவும் பிழை. மூன்றாம் தரமும் பிழை. அடிப்பது எதுவும் திரையில் தெரியவில்லை.

"சிவாஜினி, நீ மாத்தினியோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரியாததை எப்பிடி அண்ணை மாத்துறது?"

வாசலில் றெபேக்கா வெறும் ஃபைலைப் பிடித்தபடி நின்றாள். மணி பன்னிரண்டு. அவள் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போய்ப் பயம் வந்தது.

"கடவுச்சொல்லில # இருக்கோ?" என்று அண்ணையைக் கேட்டேன்.

"ஓம்."

"அப்ப # வாற இடத்தில சாய்கோட்டை அழுத்துங்கோ. இதுக்குள்ள பிரெஞ்சு விசைப்பலகை வேலை செய்யேல்லை, இங்கிலீசு எண்டு நினைக்குது. முதல் சாய்கோட்டுக்கு # தானே வந்தது."

பிரெஞ்சு விசைப்பலகைதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியவரே அவர்தான். நான் சொன்னபடி அடித்தார். உள்ளே விட்டது.

டிஸ்க்கைச் சரிபார்க்கப் பதினெட்டு நிமிடம் எடுத்தது. மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு இருபத்தாறுக்குக் கடிதம் போனது. றெபேக்கா விசாரணைக்கு ஓடினாள்.

பிறகு அவர் ஒரு துண்டுத்தாளில் கடவுச்சொல்லை எழுதி என்னிடம் நீட்டினார். நடுவில் # போட்ட ஒரு பழைய திகதி.

"இது என்ன நாள், அண்ணை?"

"என்ர அகதி வழக்கை முதல்தரம் தள்ளின நாள். ஒரு கடிதம் நேரத்துக்குப் போகேல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்டைக்கு எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்லை, பிள்ளை. நீ மாத்தினியோ எண்டு உன்னை நான் கேட்டிருக்கக் கூடாது."