பழனியாண்டி மாமாவின் இன்டர்நெட்

பழனியாண்டி மாமாவுக்கு வாய் அதிகம். கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர், வேறு எப்படி இருப்பார்? ஹட்டனில் யாரோ கழித்துவிட்ட லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்த நாளிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அவர் தொல்லை தாங்கவில்லை.

"நம்மகிட்ட நெட் இருக்கு. என்னா மழை அடிச்சாலும் நிக்காது!"

நிற்காதுதான். அது நெட்டே இல்லையே! அந்த மெஷினில் போட்டிருக்கிற சாஃப்ட்வேர்களின் விளக்கங்களைப் பிரவுசரில் திறந்து காட்டுகிற பக்கம் அது. எல்லாம் மெஷினுக்குள்ளேயே கிடப்பவை. பள்ளியில் ஐ.சி.டி. என்று கம்ப்யூட்டர் பாடம் படித்த நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டால்தானே. பிரிண்டரே இல்லாத மனுஷன், பிரிண்டர் பூட்டும் விளக்கத்தைத் தீபாவளியன்றும் உட்கார்ந்து வாசித்தார்.

ஏ.எல். பரீட்சை ரிசல்ட் வந்த அன்று கொட்டுகிற மழை. தோட்டத்தில் சிக்னல் செத்துவிட்டது. நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, அம்மா என் பரீட்சைச் சுட்டெண்ணோடு மாமாவிடம் ஓடியிருக்கிறாள். அவர் அதைத் தேடும் பெட்டியில் தட்ட, ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. வராமல்?

"மீனம்மா, ஒம் மக நம்பரே இல்லியே."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயோ அம்மா, அது நெட்டே இல்ல!"

"ஃபெயிலானவ வேற என்னாடி சொல்லுவ? காலையில பெரட்டுக்கு வா. கணக்கப்பிள்ளைகிட்ட கொழுந்து வேலைக்கு பேர் குடுப்போம்."

மறுநாள் விடிந்ததும் பேர் கொடுத்தாகிவிட்டது. கொழுந்து பறிக்க மேல்மலைக்கு ஏறினோம். அங்கேதான் போனுக்கு உயிர் வந்தது. கூடப் படித்த ஜெனுஷா போனில் கத்தினாள்: "தனுஷிகா! நீ பாஸ்டீ! ரெண்டு பி, ஒரு சி!"

அம்மாவை இழுத்துக்கொண்டு நேரே மாமா வீட்டுக்கு இறங்கினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மனுஷன் முழித்தார்.

"அப்ப நான் இத்தன நாளா எங்கதான் சுத்திக்கிட்டு இருந்தேன்?"

"வீட்டுக்குள்ளதான் மாமா."

வெளியே வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "அந்தாளு சொன்னத நம்புன. என்னய நம்பலயே?" கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மா முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள்.

"நம்ம லயத்துல பாஸான புள்ள ஒண்ணக்கூட நான் பாத்ததில்லடி. ஃபெயிலானதுங்கள மட்டுந்தான் பாத்திருக்கேன். அதான் ஒடனே நம்பிட்டேன்."