மாமா வலை தொங்கிய வாரம்

என் தாய்மாமாவைப் போல வாயடிக்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது. புன்னைக்காயலுக்கு வடக்கே, எங்கள் கரைக்கு நேராக ஒரு பார் உண்டு. கடலடிப் பாறைத் திட்டைத்தான் பார் என்போம். மீன் குஞ்சு பொரிக்கிற அந்த இடத்தில் இனி யாரும் வலை போடக்கூடாது என்று ஊரையே பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தவர் மாமா. காவல் குழுவுக்கும் அவரே தலைவர். நீலக் கேன்களைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு எல்லை போட்டார்கள். மீறினவன் வலையை ஒரு வாரம் ஏலக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். அந்த வாரம் அவன் கடலுக்குப் போகக்கூடாது. எங்கள் ஆட்களுக்குப் பணம் போனால் போகட்டும், மானம் போனால் தாங்காது.

எதிர்த்து நின்றது வேறு யாருமில்லை, என் அப்பாதான்.

"எங்கப்பன் வலை போட்ட பாரு அது. வெள்ளிக்கிழமை நான் போடத்தான் போறேன். என் வலைய மச்சான் எப்படித் தொங்கவிடுதாருன்னு பாக்கேன்" என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா வலையை மாமா தொங்கவிட்டால், அண்ணன் வாசலை அம்மா மிதிக்க முடியாது. விட்டுக்கொடுத்தாலோ, தலைவர் வீட்டுக்கு ஒரு நியாயமா என்று மறுநாளே ஊர் மொத்தமும் பாரில் வலையோடு நிற்கும். "மாதாவே, ரெண்டும் ரெண்டு முரடு" என்று முணுமுணுத்துக்கொண்டே கிடந்தாள்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடம் போகையில் ஏலக்கூடத்தில் ஒரே கூட்டம். உள்ளே ஒரு வலை தொங்கியது. அப்பா வலையோ என்று கூட்டத்துக்குள் புகுந்தேன். எட்டிப் பார்த்தால், மாமா வலை! அவரே ஏணியில் நின்று கட்டிக்கொண்டிருந்தார்.

"நீவாடு இழுத்துட்டு அண்ணாச்சி. கேனத் தாண்டினது தெரியல" என்றார். நீவாடு என்றால் கடலோட்டம்.

சிரித்தார்கள், அப்படிச் சிரித்தார்கள். செல்போனில் படம் வேறு பிடித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடுக்கடலில் நின்று, கரையிலுள்ள மாதா கோயில் கோபுரத்தையும் அனல்மின் நிலையப் புகைக்கூண்டையும் நேர்பிடித்தே பார் தொடங்குகிற இடத்தைச் சொல்லிவிடுகிற மனிதருக்கு இப்படியா புத்தி கெட்டுப்போகும் என்று ஆத்திரமாக இருந்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வெகுநேரம் அந்த வலையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை படகைத் தெற்கே விட்டுவிட்டார். திரும்பி வந்ததும், பிடித்ததிலேயே பெரிய விளைமீனை என்னிடம் கொடுத்தார்.

"மாமா வீட்டுல குடுத்துட்டு வாளா. ஒரு வாரம் அடுப்பு எரியணும்லா. நீவாடாம் நீவாடு! யார்ட்டச் சொல்லுதாரு ஒங்க மாமா" என்றார்.

மாமா வாசலிலேயே காத்திருந்தார். மீனை அவர் பார்க்கக்கூட இல்லை.

"ஏளா, ஒங்கப்பா இன்னைக்குப் பாருக்குப் போனாரா?"

"இல்ல மாமா. தெக்கதான் போனாவ."

அவ்வளவுதான். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. என்னை மீனோடு அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஐயோ பாவம், மாமாவுக்கு ரொம்பப் பசி போல என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடிவந்து, நாளைக்கு இதைவிடப் பெரிய மீனாகக் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன்.