அண்ணன் படுத்திருந்த புல்தரை

காய்ந்த புல்லைக் கொத்தாகப் பிடுங்கினால் வேர் அறும் சத்தம் கேட்காது. உலர்ந்த தேங்காய் நாரைப் பிரிப்பதுபோல் 'சரசர'வென்று கையோடு வந்துவிடும். எங்கள் நாகல் நகர் வீட்டு வாசலில் அப்பா அப்படிப் பிடுங்கிக்கொண்டிருந்ததை நான் ஏழாம் வகுப்பு விடுமுறையில் பார்த்தேன்.

அந்தப் புல்தரை அண்ணன் ஸ்டீபனின் ஆசை. குஜிலியம்பாறை மானாவாரிக் காட்டில் பிறந்த அப்பா, "மாடு மேயாத புல்லுக்கு இம்புட்டுத் தண்ணியா?" என்று முனகினாலும், அவனோடு சேர்ந்து மண்ணோடு பெயர்த்த புல்லை ஒவ்வொரு 'பத்தை'யாகப் பதித்தார். கல்லூரி விட்டு வந்ததும் அண்ணன் அதில்தான் மல்லாந்து கிடப்பான். அந்தக் கோடையில் நத்தம் சாலையில் அவன் வண்டிமீது லாரி மோதியது. துபாயிலிருந்து மாமா வரும்வரை, பந்தலின்கீழ் அந்தப் புல்லின் மேலேதான் அவனைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டி போன பிறகு, அதன் மோட்டார் கக்கிய சூட்டில் வெந்து கருகிய புல் ஓர் ஆள் நீளத்துக்கு அப்படியே செத்துக் கிடந்தது.

"அதை மட்டும் தொடாதீங்க. எம்புள்ள கடைசியாப் படுத்திருந்த எடம்" என்றாள் அம்மா.

"வாசல்ல கால வச்சா பெட்டிதான் தெரியுது மேரி. என்னால ஏலல."

அப்பா மண்ணைக் கொத்தி, மணலும் மட்கிய சாணமும் கலந்து, ஓரத்தில் செழித்திருந்த புல்லைப் பெயர்த்து நட்டார். விடிந்து பார்த்தால் அம்மா அத்தனையையும் பிடுங்கிப் போட்டிருந்தாள். அப்பா மறுபடி நட்டார்; அம்மா மறுபடி பிடுங்கினாள். அன்று அப்பா மண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, சாவன்று அழாத அழுகையையெல்லாம் அழுதார். "அவனத்தான் காப்பாத்த முடியல. இதையாவது உசுரோட பாக்க விடு தாயி." அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பிடுங்கிய பத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

குழாயில் தண்ணீர் எப்போதாவது வந்த காலம் அது. அரிசி களைந்த தண்ணீரைச் சேர்த்துவைத்து அம்மாவே ஊற்றினாள். ஐப்பசி மழையில் புது வேர் ஓடி, புல் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. "எங்க பட்டுப்போச்சுன்னே தெரியலக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரர் மெச்சியபோது, அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா போன பிறகு வீட்டை விற்றோம். வாங்கியவர்கள் கார் நிறுத்த வாசல் முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். ஒரு புல்கூட இல்லை. போன மாதம் அம்மா கேட்டாளென்று ஆட்டோவில் கூட்டிப்போனேன். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தேடியவள், "எந்த எடம்டி? சன்னலுக்கு நேராவா, படிக்கு நேராவா?" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. கையை நீட்டி ஏதோ ஓர் இடத்தைக் காட்டினேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தையே பார்த்தபடி நின்றாள்.