கோடையில் மான் படுக்கும் இடம்

அத்தானின் பன்பாய் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் அடுப்படிப் பின்கதவோரம்தான் விரிந்திருக்கும். அக்காவின் கணவர் அவர். திருகோணமலையில் காட்டிலாகா வேலை. யுத்தகாலத்துச் சித்திரை வெயிலில் கண் வைத்தியத்துக்காகத் தனியே வந்து எங்களோடு தங்கியிருந்தார். முன்னறையில் காற்றாடி சுழல, மருமகன் குசினி வாசலில் தரையில் கிடப்பது அம்மாவுக்குப் பெரிய வெட்கக்கேடு.

காரணம் கேட்டேன். மத்தியானத்தில் மான் எங்கே படுக்கும் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். நல்ல நிழலில் என்றேன். அடர்ந்த நிழலில் சிறுத்தையும் கிடக்கும், அதனால் கொஞ்சம் வெயில் விழுந்தாலும் மான் ஐதான நிழலையே தேடும் என்றார். காற்று முதுகுப்பக்கமாக வரவேண்டும், இந்தப் பின்கதவுக் கடல்காற்றைப் போல. பின்னால் வருவதை மூக்கு அறியும், முன்னால் வருவதைக் கண் பார்த்துக்கொள்ளும்.

"ஆனா படுத்த மான் லேசில எழும்பாது, தம்பி. அசையிறதைத்தான் சிறுத்தை முதல்ல காணும்."

எனக்கோ வாயெல்லாம் பகிடி. கொழும்பில் பிறந்தவன், அடையாள அட்டையில் வெள்ளவத்தை விலாசம், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பொலிஸ் சுற்றிவளைப்பில் வெளியூர்த் தமிழரைத்தான் சந்தேகத்தில் கொண்டுபோவார்கள் என்ற தைரியம் வேறு. சிநேகிதர்கள் முன்னாலும் அவரை 'மான் அத்தான்' என்றே கேலியாகக் கூப்பிட்டேன். அவரும் சிரித்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம் ஒழுங்கைக்குள் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. அம்மா வாசலுக்குப் போனார். வழமையாக அங்கேயே கதைத்து அனுப்பிவிடுவார். அத்தான் படுத்தபடியே, பேசாமல் இரு என்று எனக்குக் கைகாட்டினார். என் அட்டை சட்டைப்பையில்தான் இருந்தது. எனக்கு என்ன வந்ததோ, அவரைத் தாண்டிப் பாய்ந்து, பின்கதவைத் திறந்து, தண்டவாளம் கடந்து கடற்கரைக்கு ஓடிவிட்டேன். கதவு அடிபட்ட சத்தம் கேட்டு அவர்கள் நேரே குசினிக்கு வந்தார்களாம். அங்கே இருந்தவர் அத்தான் மட்டுந்தான். கதவைத் திறந்தது தான்தான் என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர்கள் வேறு யாரையும் தேடவில்லை.

கொண்டுபோன அத்தானை ஒரு கிழமைக்குப் பிறகுதான் வெளியே விட்டார்கள். கண் முன்னையிலும் மோசமாக வீங்கியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கமுடியாமல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வழக்கம்போலப் பின்கதவோரம் பாயை விரித்தார். அத்தான் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"நான் முன்னறையில படுக்கிறன், மாமி. இந்த இடத்தைத் தம்பிக்கு விடுங்கோ. பிள்ளை நல்லாப் பயந்துபோட்டான்."

அதில் துளி பகிடியும் இல்லை. இருந்திருந்தால் இந்த வெட்கத்தை நான் எப்போதோ மறந்திருப்பேன்.